திங்கட்கிழமைக் கூட்டமும் முன்வாசலும்

எங்கள் கட்டடம் கட்டி முடிந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் காலி மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அதை ஆள் பிடித்து நிரப்ப வேண்டியவள் நான். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம், ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில், கண்ணாடியும் பளிங்குமாக நிற்கிற புதுக் கோபுரம் அது. அதன் மாடிகளை அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடுகிற பிரிவில் நான் இரண்டாம் ஆள். எனக்கு மேலே ஒரு பாஸ், அம்பாங் ஊர்க்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் கட்டடத்தின் முதலாளிகள் கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு ஓடுகிறவர்.

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து வாடகைக்கு வருகிறவர்கள் இரண்டு ரகம்தான். ஒன்று அரசாங்கம், இன்னொன்று தனியார். அரசாங்கம் 'சரி' என்று சொல்ல ஒரு வருஷம் ஆகும். ஒரு குழு வந்து பார்க்கும். பிறகு அந்தக் குழு பார்த்தது சரிதானா என்று பார்க்க இன்னொரு குழு வரும். தொழுகைக்கு சூராவ் அறை எங்கே என்பது முதல் கேள்வி, டைரக்டரின் காரை எங்கே நிறுத்துவது என்பது இரண்டாவது. குடிவரும்போது இரும்பு அலமாரிகளும் பூத்தொட்டிகளும் திரைச்சீலைகளும் கூடவே வரும். வெளிச்சம் வரட்டுமென்று நாங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட கண்ணாடியை ஒரே நாளில் பூப்போட்ட திரையால் மூடிவிடுவார்கள். ஆனால் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள்.

தனியார் அப்படியில்லை. வந்து பார்த்த வேகத்தில் கையெழுத்துப் போடுவார்கள். சுவரை இடித்துக் காப்பி மேடை வைப்பார்கள், ஊஞ்சல்கூடக் கட்டுவார்கள். அப்புறம் பாதிப் பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டு, இத்தனை இடம் எங்களுக்கு எதற்கு என்று மாடியைத் திருப்பித் தர வந்து நிற்பார்கள். நோய்க்காலம் முடிந்த பிறகு இது ரொம்பவே அதிகமாகிவிட்டது.

எங்கள் முதலாளிகளுக்குத் தனியார் மட்டும்தான் வேண்டியிருந்தது. கோபுரம் திறந்து மாதக்கணக்கில் வாசல் காவலுக்கு நிற்கிற ஜாகாக்காரரும் நானும்தான் லாபியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஓர் அரசாங்க இலாகா கீழ்மாடிகளைக் கேட்டு வந்தது. மக்கள் நேரில் வந்து வரிசையில் நம்பர் எடுத்துக் காரியம் முடிக்கிற கவுண்டர்கள் உள்ள இலாகா. அலுவலகத்தில் எல்லோரும் மூக்கைச் சுளித்தார்கள். நான் விடாப்பிடியாக நின்று அவர்களைக் கொண்டுவந்தேன். வரும் சனங்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் வருவார்கள் என்று இலாகாக்காரர்களுக்கு என் வாயால் வாக்குக் கொடுத்தேன்.

அவர்கள் வந்ததும் கட்டடத்துக்கு உயிர் வந்தது. காலை ஏழரைக்கே லாபி நிறைந்துவிடும். கீழ்த்தளத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த உணவுக்கடைகளில் நாற்காலி கிடைக்கவில்லை. போட்டோஸ்டாட் கடை வந்தது, கிளினிக் வந்தது, துணி தைக்கிற அக்கா ஒருவர் வந்தார். மேல்மாடிகள் மட்டும் காலியாகவே கிடந்தன.

அந்த மேல்மாடிகளைக் கேட்டுத்தான் ஒரு நிதி நிறுவனம் வந்தது. பெரிய நிறுவனம். ஏறக்குறைய மேலே உள்ள எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. முதலாளிகள் தலைகால் புரியாமல் ஆடினார்கள். கூடவே நிறுவனத்திடமிருந்து ஒரு நிபந்தனையும் வந்தது. கவுண்டருக்கு வரும் பொதுமக்கள் முன்வாசல் வழியாக வரக் கூடாது. பின்பக்கம், லோரிகள் சாமான் இறக்குகிற இடத்தின் வழியாக வரட்டும். அப்படியானால்தான் கையெழுத்து.

பாஸ் என்னைக் கூப்பிட்டார். "ஒரு கதவுதானே லா. உள்ள வரப் போறாங்க, வேலைய முடிக்கப் போறாங்க. எந்தக் கதவா இருந்தா என்ன?"

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. எந்தக் கதவாக இருந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் ஒருநாளும் பின்கதவு வழியாகப் போயிருக்க மாட்டார்கள். என் அப்பா போயிருக்கிறார், நானும் கூடப் போயிருக்கிறேன். அப்பா கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருந்துகொண்டு துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். நான் பள்ளிச் சீருடையில் இருந்த வயதில், எனக்கு வேண்டிய ஏதோ ஒரு பத்திரத்துக்காக என்னைக் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். வாசலில் நின்றவன் அவருடைய சிலிப்பரைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், பின்னால் போ என்று கையைக் காட்டினான். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நடந்து போனோம். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், கிள்ளான் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன் பாஸ்," என்றேன். "முன்வாசல்தான்."

"அப்ப நீயே பேசி அந்தக் கண்டிஷன எடுக்க வை. முடியலன்னா பின்வாசல்தான், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனையும் கொடுத்தார். "அவங்கள வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் கூட்டிட்டு வா."

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் அது. வெள்ளிக்கிழமை மதியம் அரசாங்க அலுவலகங்களில் ஜும்மா தொழுகைக்காக நீண்ட இடைவேளை. பன்னிரண்டு தாண்டினால் கவுண்டர்களை மூடிவிடுவார்கள். மூன்று மணியை நெருங்கும்போதுதான் திறப்பார்கள். அந்த நேரத்தில் வந்து பார்க்கிற எவருக்கும் எங்கள் லாபி துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருக்கும். கீழே அரசாங்க அலுவலகம் உள்ள கட்டடங்களை எத்தனையோ தனியார் நிறுவனங்கள் இப்படி வெள்ளிக்கிழமையில் பார்த்துத்தான் ஏமாந்திருக்கின்றன.

நான் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் பாஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "உனக்கு என்ன பைத்தியமா? வாரத்துலயே மோசமான நேரம் அதுதான்!"

"அதனாலதான் பாஸ். வெள்ளிக்கிழமை பாத்து மயங்கி உள்ள வந்துட்டு, திங்கக்கிழமை கூட்டத்தப் பாத்தா என்ன சொல்லுவாங்க? ஏமாத்திட்டீங்கன்னு சொல்லி அந்தக் கதவத்தான் கேப்பாங்க. அப்ப நம்மால மறுக்க முடியுமா?"

அவர் நாற்காலியைத் திரும்ப இழுத்துக்கொண்டார். உன் தலையெழுத்து என்பது போல் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மழை நாளில் வெளியே வரிசையில் நிற்க முடியாத சனம் எல்லாம் லாபிக்குள் வந்து நிற்கும். குடைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர், கைக்குழந்தை அழுகை, சீன ஆன்ட்டிகள் இருவர் ஜாகாக்காரரோடு போடுகிற வாக்குவாதம், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தாயாரோடு வந்த பிள்ளைகள். இதைவிட மோசமாக வேண்டும் என்று காசு கொடுத்தாலும் கிடைக்காது. வெள்ளிக்கிழமையே கூப்பிட்டிருக்கலாமோ என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்வானேன்.

நிறுவனத்தின் தலைவி வந்தார். ஐம்பதைத் தாண்டிய சீன அம்மையார், எண்ணிப் பேசுகிறவர். கூடவே இளவட்டமாய் ஓர் உதவியாளர். பாஸ் என் பக்கத்தில் முகத்தில் ஈயாடாமல் நின்றார்.

"தினமும் இப்படித்தானா?" என்று அம்மையார் இங்கிலீஷில் கேட்டார்.

"தினமும் இப்படித்தான் மேடம். திங்கட்கிழமை கொஞ்சம் கூடுதல்," என்றேன்.

பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். நான் அம்மையாரை லிப்ட்டுகளின் பக்கம் அழைத்துப் போனேன். அங்கே ஒருவரும் இல்லை. கதவைத் திறந்துகொண்டு லிப்ட்டுகள் சும்மா நின்றன. கவுண்டர்கள் முதல் மாடியில் இருக்கின்றன, சனங்கள் எஸ்கலேட்டரில் ஏறிப் போகிறார்கள் என்று காட்டினேன். இலாகா ஊழியர்கள் எட்டு மணிக்கெல்லாம் மேலே போய்விடுவார்கள், உங்கள் ஆட்கள் ஒன்பதுக்கு மேல் வருகிறவர்கள், ஒருவர் காலில் ஒருவர் இடறவே மாட்டார்கள் என்றேன். அம்மையார் லிப்ட்டையும் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் உதவியாளரைக் காணோம். தேடிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனோம். பையன் நாசி லெமாக் சோற்றுக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தான், கையில் ஏற்கெனவே ஒரு கிளாஸ் தே தாரேக் டீ. எங்களைக் கண்டதும் அசடு வழிந்தான்.

அம்மையார் முதல் தடவையாகச் சிரித்தார். "நீங்கள் பசியாறிவிட்டீர்களா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். உட்காருவோம் என்று அவரே ஒரு மேசையைப் பிடித்தார். ஒரு பக்கம் இலாகாவின் பெண்கள், இன்னொரு பக்கம் நம்பர் எடுத்துவிட்டுக் காத்திருக்கிற குடும்பம் ஒன்று. நாங்கள் நடுவில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டோம்.

தோசையைப் பிய்த்துக்கொண்டே அவர் பேசினார். இப்போது அவர்கள் இருக்கிற கோபுரம் முழுக்கத் தனியார். பளபளவென்று இருக்குமாம். கீழே இருந்த கடைகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள், கடைசியாக இருந்த காப்பிக் கடையும் போய்விட்டது. ஊழியர்களை அலுவலகத்துக்கு வா என்றால் வர மாட்டேன் என்கிறார்கள். கேட்டால், அங்கே சாப்பிடக்கூட ஒன்றும் இல்லை, பேய் வீடு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "இந்தக் கடைகள் எப்படி நடக்கின்றன?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். "முன்வாசலால் நடக்கின்றன மேடம். நனைந்துகொண்டு வந்தார்களே, அவர்கள்தான் இந்தக் கடைகளுக்குச் சோறு போடுகிறார்கள். அவர்களைப் பின்பக்கம் லோரி நிற்கிற இடத்துக்குத் தள்ளினால், வந்த வேலையை முடித்துக்கொண்டு அப்படியே போய்விடுவார்கள். ஆறு மாதத்தில் இங்கேயும் பேய் வீடுதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாஸ் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கடைகள் இல்லாவிட்டாலும் நான் அவர்களைப் பின்னால் அனுப்ப மாட்டேன் மேடம். இலாகாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் யாரும் இங்கே திருட வரவில்லை. இதே கதவு உங்களுக்கும், இதே கதவு அவர்களுக்கும்."

அம்மையார் மிச்சத் தோசையைச் சட்னியில் தோய்த்தார். சாப்பிட்டு முடித்தார், கையைத் துடைத்தார், நன்றி சொன்னார், போய்விட்டார். எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் முழுக்க பாஸ் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாளிகள் பக்கத்திலிருந்து யார் போன் செய்தாலும் எனக்குப் பகீரென்றது. வேலை போனால் போகட்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டேன், உள்ளுக்குள் பயந்துதான் கிடந்தேன். வேலையைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. நான் போய்விட்டால் அந்தக் கதவை மூட ஒரு நாள் போதும்.

அடுத்த வாரம் ஒப்பந்தம் வந்தது. பாஸின் அறையில் நின்றுகொண்டே இருவரும் படித்தோம். மேல்மாடிகள், காலம், கார் நிறுத்தும் இடம் எல்லாம் இருந்தன. கதவு பற்றிய நிபந்தனை மட்டும் எங்கேயும் இல்லை. பாஸ் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஜெயிச்சிட்டே லா," என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்று மாலை கிள்ளானுக்கு ரயிலில் நின்றுகொண்டே போனேன், காலே வலிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அங்கிள் ஒருவர், இந்தப் பெண் ஏன் தனியாகச் சிரிக்கிறது என்று என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பார்க்கட்டும் என்று இன்னும் நன்றாகச் சிரித்தேன்.

நிறுவனம் வந்து சேர்ந்தது. சுவரை இடித்தார்கள், காப்பி மேடை வைத்தார்கள். காலையில் அவர்களுடைய டை கட்டிய ஆட்களும் ஈரக் குடையோடு வருகிற சனங்களும் ஒரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். முதல் மாதம் கொஞ்சம் முகம் சுளித்தவர்கள்கூட அப்புறம் நாசி லெமாக் வரிசையில் இலாகாக்காரர்களுக்கு முன்னால் போக ஓடி வந்தார்கள்.

சில மாதம் கழித்து அம்மையார் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். நேராக விஷயத்துக்கு வந்தார். அவர்கள் தங்கள் நிறுவனத்துக்கென்று கீழே ஒரு கவுண்டர் திறக்க ஆசைப்படுகிறார்களாம். லாபியில், இலாகாவுக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஓர் இடம் வேண்டும். இவ்வளவு சனம் தினமும் வருகிறதே, அவர்களில் பாதிப் பேராவது எங்கள் வாடிக்கையாளர்கள் ஆகலாமே என்றார். "இடம் இருக்கிறதா?"

நான் நோட்டுப் புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை. "இருக்கிறது மேடம். நல்ல இடம். பின்பக்கம், லோரிகள் சாமான் இறக்குகிற வாசலுக்குப் பக்கத்தில்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. முதலில் சிரித்தவர் அவர்தான்.