பூஜை போட்ட ஜீப் பின்னால் வந்தது

என் மாமாவுக்கு வேலையே வண்டி ஓட்டிப் பார்ப்பதுதான். ஃபேக்டரியில் செய்கிற வண்டிகளை மேட்டிலும் பள்ளத்திலும் ஏற்றி இறக்கிச் சோதிப்பார். அது போதாதென்று ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பையும் எடுத்து, சேக்காட்டில் இருந்த வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். ஓடிய நாளைவிடப் படுத்த நாள்தான் அதிகம். ஆனாலும் ஆயுத பூஜையன்று அதற்கு நடக்கும் உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே! பூஜை போட்ட வண்டி முதல் ஓட்டத்தில் பின்னால் வரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதற்காகவே முந்தின நாளே ஜீப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிடுவார்.

அந்த வருஷம் அத்தை முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய கரு. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஜீப் கிளம்பியதும், ஏரி நிரம்பிவிட்டதாமே, கரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். மாமா வேண்டாமென்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான், மாமா சம்மதித்துவிட்டார். பின்சீட்டில் நான் மட்டும்.

கரைமேல் ஏறும் மண்பாதை செங்குத்தாக, மழையில் ஊறிக் கிடந்தது. பாதி ஏறியதும் இன்ஜின் இருமிவிட்டு நின்றது. முன்கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரிந்தது. மாமா பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

“பின்னால மட்டும் எடுக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்,” என்றாள் அத்தை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

மேலே ஏற்றப் பார்த்தால் சறுக்கும், பக்கத்தில் திருப்பினால் கவிழும் என்பது மாமாவுக்குத் தெரியும். ரிவர்ஸ் கியரில் வைத்தபடியே சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. கிளட்சைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஊர்ந்து ஊர்ந்து இறக்கினார். கீழே வந்ததும் நான் கைதட்டினேன். அத்தை அழுதுகொண்டிருந்தாள்.

கார்த்திகை பிறப்பதற்குள் கரு கலைந்துவிட்டது. சில நேரம் இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டரம்மா. அந்தப் பதில் யாருக்குப் போதும்? விசாரிக்க வந்த உறவுக்காரர்கள், மாசமாக இருப்பவளை ஏரிமேட்டுக்குப் போகச் சொன்னது யார் என்று கிளற ஆரம்பித்தார்கள். அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“நான்தான் இட்டுகினு போனேன்,” என்றார் மாமா. “அது வேணாம்னுதான் சொல்லிச்சு. பின்னால எடுக்காதீங்கன்னும் சொல்லிச்சு. நான்தான் கேக்கல.”

எனக்கு வாய் துறுதுறுத்தது. அவர் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன். அப்புறம் வாசலில் மடக்கி, ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்டேன். போய் விளையாடு பாப்பா என்று அனுப்பிவிட்டார்.

ஜீப்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அதன்பிறகு அவர்களுக்குக் குழந்தை தங்கவே இல்லை. எந்தச் சண்டை வந்தாலும் அத்தை அந்த ஏரிக்கரையை இழுப்பாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார். எங்களை உயிரோடு இறக்கிய மனுஷன் இப்படிக் கோழையாகிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வரும். அத்தை யாரையாவது திட்டித்தான் ஆக வேண்டும், அது அவளாகவே இருந்துவிடக் கூடாது என்று அவர் குறுக்கே போய் நின்றுகொண்டார் என்பது அப்போது புரியவில்லை. புரிந்தபோது, சொல்வதற்கு மாமா இல்லை.