ஆயுளுக்கும் கிளினிக் கார்டு

மலேசியாவில், கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஓய்வு பெற்றாலும் பழைய ஆட்களுக்கு ஆயுள் முழுவதும் இலவச வைத்தியத்துக்குக் கிளினிக் கார்டு உண்டு என்று முதலாளி ஒவ்வொரு தீபாவளி விருந்திலும் முழங்குவார். நாங்களும் மடச்சாம்பிராணிகளாகக் கைதட்டுவோம். நான் ஓய்வு பெற்றதும் கார்டை நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கு அவர் மகள், “அது அப்பா சும்மா அன்பா சொன்னது லா ஆன்டி,” என்று சிரித்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். “விருந்துல பேசினத வச்சு கேஸ் நிக்கிறது கஷ்டம்க்கா. எழுத்துல ஏதாச்சும் இருக்கா?” என்றார்.

இருந்தது. அதே வாக்குறுதியை நான் டைப் அடித்து, முதலாளி கையெழுத்துப் போட்டு, எல்லாருக்கும் கொடுத்த சுற்றறிக்கை.

வக்கீல் நோட்டீஸ் போன பத்தாம் நாள் கார்டு தபாலில் வந்தது. கூடவே, ‘கருணை அடிப்படையில்’ தருவதாக ஒரு கடிதம். கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.