சித்தி சுற்றிய முறுக்கு

என் சித்தி குஜராத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சூரியன் செய்கிறாள் என்று பொன்னமராவதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பெருமைக்குக் கொஞ்சம் பொய் கலந்தால் தப்பில்லை என்று நினைக்கிற வயது. அதில் பொய் குறைவுதான் என்பது பின்னால் தெரிந்தது.

சித்தியின் நிச்சயத்துக்கு முதல் நாள், வீட்டில் சீருக்குக் கைமுறுக்கு சுற்றிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா அறந்தாங்கியிலிருந்து வந்து இறங்கினார். சீரைப் பார்ப்பது சாக்கு. கல்யாணத்துக்குப் பிறகு சித்தி வேலையை விட வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருந்தார்.

"நெருப்போட வேலையாம்ல? வாக்கப்படப் போற பிள்ளைக்கு எதுக்கும்மா அது?"

அம்மா பதறி எழுந்தாள். சித்தி மட்டும் அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இங்கிட்டு வந்து உக்காருங்க அத்தை" என்றாள்.

மாவை நீளமாக உருட்டி வைத்தாள். நாங்கள் மூட்டுவது சூரியனுக்குள் இருக்கிற மாதிரி நெருப்பு, அந்தச் சூட்டைத் தாங்க உலகத்தில் எந்தச் சட்டியும் கிடையாது, அதனால் நெருப்பை எதையும் தொடாமல் காந்தம் காட்டுகிற வழியில் ஓடவிடுகிறோம் என்றாள். வழி நேராக இருந்தால் இரண்டு முனையிலும் ஒழுகிவிடும். முனைகளைச் சேர்த்து வளையமாக்கினால், உள்பக்கம் காந்தம் நெருக்கம், வெளிப்பக்கம் தளர்ச்சி. நெருப்பு மெல்ல விலகிச் சுவர்ப்பக்கம் போய்விடும்.

"அப்ப என்னதான் பண்ணுவீக?"

நான் சோம்பல்பட்டு, திருகாமல் வெறுமனே சுற்றி வைத்திருந்த ஒன்றைச் சித்தி எடுத்து எண்ணெயில் போட்டாள். விண்டு போனது. பிறகு மாவை விரலால் திருகித் திருகித் துணிமேல் சுற்றிக் காட்டினாள். வெளியே இருந்தது உள்ளே போனது, மேலே இருந்தது கீழே வந்தது. காந்தத்தின் வழியையும் இப்படித் திருகிவிட்டால், விலகப் பார்க்கிற நெருப்பை அந்த வழியே திருப்பிக் கொண்டுவந்துவிடுமாம். இன்று கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறேன். சித்தி அளவுக்குத் தெளிவாக எனக்குச் சொல்ல வந்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மா முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பித் தவறிச் செவுத்துல பட்டுட்டா ஊரே எரிஞ்சு போகுமா?"

"இல்லீங்க அத்தை. செவுரு கொஞ்சம் பொசுங்கும், அம்புட்டுதான். நெருப்புதான் அணைஞ்சு போயிரும்."

அப்புறம் அவர் மாவுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, தாமும் ஒன்று சுற்றத் தொடங்கினார்.

"வேலையை விடாத ஆத்தா. எம்மகன்ட்ட நாஞ் சொல்லிக்கிறேன்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதுவரை அசராத சித்தி, தலையைக் குனிந்துகொண்டு தேம்பினாள். எனக்கோ ஒரே ஏமாற்றம். சுவரில் பட்டாலே அணைந்துபோகிற சூரியனுக்காக இவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று விளங்காமல், உடைந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தேன்.