மந்திர நாவலுக்கு நான் அளித்த நற்சான்று

எங்கள் பங்குக் கோவிலின் பின்னறையில் ஓர் இரும்புப் பீரோ நிற்கிறது. அதற்கு நூலகம் என்று பெயர். தமிழாசிரியை என்ற ஒரே குற்றத்துக்காக அதன் சாவி பல ஆண்டுகளாக என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மேல்தட்டில் புனிதர்களின் வரலாறுகள்; கீழ்த்தட்டில் அரசுத் தேர்வு வழிகாட்டிகள்; நடுத்தட்டில், எவர் விரலும் படாமையால் இன்றும் அச்சகத்து மணம் மாறாத இலக்கியங்கள். நடுத்தட்டைத் தெரிவு செய்தவள் நான்.

இந்த நூலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் மறைக்கல்வித் தேர்வில் முதலிடம் பெறும் பிள்ளை தான் விரும்பும் ஒரு நூலைச் சொல்லலாம். பங்கு அதை வாங்கி, முதற்பக்கத்தில் அப்பிள்ளையின் பெயரை எழுதிப் பீரோவில் வைக்கும். இதுவரை பிள்ளைகள் விரும்பியவை யாவும் அவர்களுடைய தகப்பன்மார் விரும்பியவையாகவே இருந்தமையால் இடர்ப்பாடு எதுவும் நேர்ந்ததில்லை. சென்ற ஆண்டு முதலிடம் பெற்றவள் என் அண்ணன் மகள், பதினொன்றாம் வகுப்பு மாணவி. வழக்கத்தின் சொற்களை அவள் அப்படியே நம்பித் தானே விரும்பிவிட்டாள். விரும்பியது ஒரு மந்திர நாவல். அல்லிநகரத்துத் தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கி அதை அவள் ஏற்கெனவே படித்திருந்தாள்.

நூல் வந்து சேர்ந்தது. மூன்று பாகங்களுள் முதலாவது. தலையணைக்கு மாற்றாகப் பயன்படும் கனம். அட்டையில் கூந்தல் பறக்க ஒரு பெண். அவள் உள்ளங்கையில் தீ. அவளுக்குப் பின்னால் சிறகுள்ள நாகம். ஞாயிற்றுத் திருப்பலி முடிந்ததும் மாதர் சங்கத் தலைவி அதைக் கையிலெடுத்துக்கொண்டு நேரே பங்குச் சாமியாரிடம் போனார்.

"இதப் பாருங்க சாமி. பொம்பளப்பிள்ள கையில தீயி. பின்னால பேயா பாம்பான்னு தெரியாம ஒண்ணு. இதக் கொண்டுபோயி மாதா படத்துக்குக் கீழ வைக்கவா?"

எங்கள் சாமியார் இளைஞர். எந்த முடிவையும் தாமே எடுப்பதில்லை என்ற முடிவை மட்டும் எப்போதோ எடுத்துவிட்டவர். "டீச்சர் வாசிச்சுப் பாத்துட்டு அடுத்த ஞாயிறு பங்குப் பேரவையில சொல்லட்டும்" என்றார்.

"வாசிக்கட்டும். அண்ணன் மகள்னு தயவு பாக்கக்கூடாது, ஆமா" என்றார் தலைவி.

அண்ணன் குடும்பம் மாடியிலும் நான் கீழேயுமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். அன்று மாலை அவள் இறங்கி வந்தாள்.

"அத்தை, தயவுசெஞ்சு கெடுத்துறாதீக."

"நான் எதைக் கெடுக்கப்போறேன்?"

"பத்தாப்புல ஒரு செய்யுள் நல்லாருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க நடத்துனீக. அம்புட்டுத்தான்."

பிறகு குரல் தாழ்ந்தது. நூலைத் திருப்பியனுப்ப நேர்ந்தால், அதற்கு ஈடாகத் திருமண வாழ்வுக்கான ஆயத்தம் பற்றிய நூல் ஒன்றை வாங்கி அவள் பெயரிலேயே வைக்கலாம் என்று தலைவி சொல்லியிருக்கிறார். "கல்யாணப் புத்தகத்துல என் பேரு அத்தை! பள்ளிக்கூடத்துல தலைகாட்ட முடியுமா? ஆயுசுக்கும் அதுதான் பேரு."

அச்சம் நியாயமானது. எங்கள் ஊரில் பட்டப்பெயர்கள் உரியவருக்குப் பின்னும் வாழ்பவை.

உண்மையைச் சொன்னால், தலைவியின் கூச்சல் எனக்கு நம்பிக்கை ஊட்டியிருந்தது. ஒரு தமிழ் நூல் ஓர் ஊரைக் கெடுத்துவிடும் என்று ஒருவர் அஞ்சுவது எத்துணைப் பெரிய மதிப்பு! நடுத்தட்டில் உள்ள எந்நூலுக்கும் அம்மதிப்பு வாய்த்ததில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கெட்டுப்போக ஆயத்தமாகவே முதற்பக்கத்தைத் திறந்தேன்.

நாயகி அநாதை. அவள் தோளில் பிறைவடிவில் ஒரு மச்சம். பதினாறு ஆண்டுகளாக அவ்வூரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. இத்தனைக்கும் அனைவரும் ஆற்றில் குளிக்கும் ஊர். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் கன்னத்தில் பரு தோன்றினால், அவள் கண்ணாடி பார்ப்பதற்குள் செய்தி மூன்று தெருவைக் கடந்து உத்தமபாளையம் பேருந்தில் ஏறியிருக்கும். போகட்டும். மச்சத்தைப் பற்றிய தீர்க்கதரிசனம் ஒரு பாறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் உயிரோடில்லை. ஆயினும் அதன் பொருள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தேர்வுத்தாள்களில் இதே அற்புதத்தை நான் ஆண்டுதோறும் காண்பவளாதலால் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

முகப்பில் ஒரு நாட்டுப்படம் இருந்தது. மேற்கே மலைத்தொடர், நடுவே ஆறு. எங்கள் பள்ளத்தாக்குக்கும் மேற்கே மலை உண்டு. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து அம்மலை ஏறுகிறார்கள். நாயகியோ மலையில் நாட்கணக்காக நடக்கிறாள். கையில் வாள்தான் உண்டே தவிரத் தூக்குவாளி இல்லை. அந்நாட்டில் நெல் நட்டவர் யார், படைக்குச் சோறு வடித்தவர் யார் என்று முடிவுவரை தெரியவில்லை. மலைக்கடியில் பழஞ்சக்தி ஒன்று புதைந்திருக்கிறது என்று கேட்டதும் அவ்வூரார் அனைவரும் மண்டியிடுகிறார்கள். பொட்டிப்புரத்துப் பக்கம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, எங்கள் பக்கத்தில் ஒரு முழங்காலும் மடங்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் என்னவாகும் என்றுதான் டீக்கடைதோறும் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் இருந்த கற்பனைவளம் இந்நூலின் ஓர் அதிகாரத்திலும் இல்லை.

நாயகிக்கு இரண்டு இளைஞர்கள். ஒருவன் சிறுவயதுத் தோழன், எதற்கெடுத்தாலும் சிரிப்பவன். மற்றவன் புருவத்தில் தழும்புள்ளவன், பேசாதவன். எப்போதும் எதன்மேலாவது சாய்ந்துகொண்டே நிற்பவன். சுவர், மரம், தூண், குதிரை என்று அவன் சாயாத பொருள் இல்லை. முதுகெலும்பில் ஏதோ கோளாறு என்றும், அது பின்னால் கதைக்கு உதவும் என்றும் எண்ணியிருந்தேன். உதவவில்லை. வெண்தாடி ஆசான் ஒருவர், சொல்லவேண்டிய ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் நூல் பாதிவரை சொல்லிவிட்டு, அதைச் சொல்ல வாய் திறக்கும் வேளையில் அம்பு பட்டு இறக்கிறார். கறுப்பு அங்கி அணிந்த கொடுங்கோலன்தான் நாயகியின் தந்தை. பத்தாம் பக்கத்தில் ஆசிரியர் இதை மறைக்கத் தொடங்குகிறார். ஆகவே பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நடையைப் பற்றி ஒன்று மட்டும். பக்கத்துக்குப் பக்கம் எல்லாருடைய விழிகளும் மின்னின. அந்நாட்டில் இரவில் ஒருவரும் விளக்கேற்றாமைக்குக் காரணம் அதுவே போலும்.

ஒரு வாரம் முழுவதும் மெய்வருந்திப் பாவம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. மந்திரம், நாகம், அரியணை, பழி என்று இத்தனையும் கூட்டி வைத்துக்கொண்டு, திடுக்கிடச் செய்யும் ஒரு வாக்கியத்தைக்கூட எழுதாமல் தப்பித்துக்கொள்வதற்கும் ஒருவகைத் திறமை வேண்டும்.

மறு ஞாயிறு பேரவை கூடியது. அண்ணன் மகள் பின்னறை வாசலில், பெருக்க வந்தவள்போல, தூசியே இல்லாத தரையில் துடைப்பத்தோடு நின்றாள்.

"மந்திரம் இருக்கா இல்லையா டீச்சர்?" என்று தொடங்கினார் தலைவி.

"இருக்கு. அத வச்சு ஒரு காரியமும் நடக்கல. கையில தீ வருது. அந்தப் பிள்ளை அதுல ஒரு காப்பிகூடப் போடல."

"சாத்தான்?"

"ஒரு ராசா வர்றான். கெட்டவனாம். பேசிக்கிட்டே இருக்கான். நம்ம பேரவையில வந்து உக்காந்தா வித்தியாசம் தெரியாது."

சாமியார் இருமினார்.

"ரெண்டு பயலுக இருக்கானுகன்னு சொன்னாகளே?"

"இருக்கானுக. ஒருத்தன் சிரிக்கிறான், ஒருத்தன் சாஞ்சு நிக்கிறான். விரலக்கூடத் தொடல."

"அப்ப நல்ல புத்தகம்னு சொல்றீக?"

இலக்கணமும் இலக்கியமும் எனக்குக் கற்பித்தவர்கள் அத்தனை பேரும் என் தொண்டையில் வந்து அமர்ந்துகொண்டார்கள். வாசலில் துடைப்பம் அசையாமல் நின்றது. "கெடுதல் ஒண்ணும் இல்ல" என்றேன்.

"கவனிச்சீகளா சாமி? நல்லதுன்னு சொல்ல வாய் வரல. அனுப்பிருவோம். அந்தக் கல்யாணப் புத்தகம்…"

வெறுத்த நூலுக்காக வாதாடும் இழிநிலை எனக்கு அப்போது நேர்ந்தது. "அட்டையில இருக்கிற பாம்புதான் ஒங்களுக்கு இடைஞ்சலா? நம்ம சப்பரத்துல றெக்கையும் ஈட்டியுமா நிக்கிற சம்மனசு காலுக்கடியில கெடக்கே, அது என்னதாம்? போன திருவிழாவுக்கு அதுக்குப் பச்சை பத்தாதுன்னு ரெண்டாந்தடவ பெயிண்ட் அடிக்கச் சொன்னது யாராம்?"

"அது குத்துப்பட்டுக் கெடக்கிற பாம்பு."

"இதுவும் கடைசியில குத்துப்பட்டுத்தான் சாகுது. வேற என்ன செய்யத் தெரியும் அதுக்கு?"

தலைவி சற்றே யோசித்தார். தோல்வியை விதியாக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு உண்டு. "சரி, இருக்கட்டும். ஆனா பிள்ளைகளுக்குச் சும்மா தூக்கிக் குடுக்கக்கூடாது. ஆத்தாக்காரி நேர்ல வந்து, வாங்கிட்டுப்போயி, முழுசா வாசிச்சு, சரின்னாத்தான் பிள்ளை கையில."

மறுக்க வாய் திறந்தேன். இத்தகைய நூலுக்கு இத்தகைய காவலா? அதற்குரிய நூல்கள் நடுத்தட்டில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஆனால் வாசலில் அண்ணன் மகள், பின்னல் முன்னும் பின்னும் ஆடும்படி, ஆமென்று தலையசைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் விளங்காமல் வாயை மூடிக்கொண்டேன். விதி நிறைவேறியது.

ஏன் தலையசைத்தாய் என்று வீடு திரும்பும் வழியில் அவளிடம் கேட்டேன்.

"அத்தை, கெடுதலே இல்லைன்னு நீங்க சொன்னதும் எனக்கு உசுரே போச்சு. வகுப்புல அத்தன பேரும் பேய்ப் புத்தகம்னு நெனச்சுத்தான் காத்துக்கிட்டு இருக்காளுக. டீச்சர் சர்டிபிகேட் குடுத்த புத்தகத்த எவ தொடுவா? நல்லவேளை, பூட்டுப் போட்டாக."

"அந்த ராசா அவ அப்பன்னு ஒனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"பத்தாம் பக்கத்துல."

"பிறகு எதுக்கு மிச்சத்தப் படிச்ச?"

"எனக்குத் தெரியும் அத்தை. அவளுக்குத் தெரியாதுல்ல. அவளுக்கு எப்பத் தெரியும்னு பாக்கத்தான்."

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். நிறைய இருந்தது. சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

விதியை இயற்றியவரே அதற்கு முதலில் கட்டுப்பட நேர்ந்தது. தலைவியின் மகளும் அதே வகுப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு, அட்டை உட்புறமாக இருக்கும்படி நூலை அணைத்துப் பிடித்து அவர் எடுத்துப் போனார். ஒரு வாரத்தில் தரவேண்டியது. தரவில்லை. மற்றத் தாய்மார் மூவர் என்னிடம் வந்து, "இன்னும் வரலையா டீச்சர்?" என்று கேட்டுத் திரும்பினர். நடுத்தட்டை அவர்களுக்குக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, பிறகு வருவதாகச் சொன்னார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு பிற்பகல் தலைவி என் வாசலுக்கு வந்தார். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து நூலின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அட்டையில் திராட்சைச் சாறு கறையாகப் படிந்திருந்தது.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் கறுப்பு அங்கிக்காரன் அந்தப் பிள்ளைக்கு என்னமோ வேணும்போல இருக்கே. மனசு கெடந்து அடிக்குது. அப்பனா?"

"எதுவரைக்கும் வாசிச்சிருக்கீக?"

"பாதிதான். தாடிக்காரரு செத்துட்டாரு, பாவம். தோட்டத்துல திராட்சை வெட்டு நடக்குது, ஆளுகளுக்குக் காப்பி கொண்டு போகணும். உக்காந்து படிக்க எங்கன நேரம்? சட்டுன்னு சொல்லிருங்க."

மாடிப்படியில் கால்கள் வந்து நின்றன. கொலுசு மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே எந்த முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று நிமிர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"வாசிங்க. வாசிச்சாத் தெரியும்" என்றேன்.

பத்தாம் பக்கத்திலேயே அம்பலமாகிவிட்ட ஓர் இரகசியத்தை, செவ்வியல் தமிழ்ப் பட்டதாரியான நான், சாவியைக் காப்பதுபோலக் காத்து நின்றேன்.

"இம்புட்டுக் கல்நெஞ்சா இருக்கீகளே!" தலைவி நூலை மறுபடி தலைப்புக்குள் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். பத்தடி போனதும் திரும்பி நின்றார்.

"சரி, அதையாவது விடுங்க. அந்தச் சாஞ்சு நிக்கிற பய, அவன நம்பலாமா?"

படியில் கொலுசு குலுங்கிச் சிரித்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.