சியவோங்கா வழியில் ஏற்றாமல் விட்ட ஆள்

1. கருகிய போர்டு

காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி தன் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தார். துபாய் அல் கூஸில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அப்படி வைத்தால் எங்கோ நாங்கள் போட்டுக்கொடுத்த ஒரு கோல்ட் ரூம், அதாவது குளிர் அறை, படுத்துவிட்டது என்று அர்த்தம்.

பேசியவர் ஜாம்பியா நாட்டு கஸ்டமர், முதிந்தா என்ற அம்மா. கரிபா ஏரிக்கரையில் சியவோங்கா என்ற ஊரில் மீன் வளர்க்கிறார். ஏரியில் கூண்டு இறக்கி, நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, அந்த மீன். முதல் அறுவடை வியாழக்கிழமை. அதற்குள் கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் கோல்ட் ரூமின் கன்ட்ரோலர் போர்டு கருகிவிட்டது. அந்த வெயிலில் ரூம் குளிராவிட்டால் மொத்த மீனையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

முதலாளி காயல்பட்டினத்துக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் காக்கா, அவர் ஊர்ப் பேச்சில் அண்ணன்.

"கொரியர்ல போட்டா கஸ்டம்ஸ்ல கெடந்து ஊறும் தம்பி. நீயே கைல எடுத்துட்டுப் போயிரு. அந்தம்மா மீனு நாறுச்சுன்னா நம்ம பேரும் சேந்துல்ல நாறும்?"

"வழி தெரியாதே காக்கா."

"வாடகைக் காரு சொல்லிருக்கேன். நீ ஓட்டாத வண்டியா? ஒண்ணு மட்டும், வழியில யாரையும் ஏத்தாத."

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அமீரகத்தில் முன்பின் தெரியாத ஆளை வண்டியில் ஏற்றினால் கள்ள டாக்ஸி என்று ஃபைன் போட்டுவிடுவார்கள். அபுதாபி முசஃபாவில் என் ரூம்மேட் ஒருவன் பாவம் பார்த்து ஒரு பெரியவரை ஏற்றிவிட்டு அலைந்த அலைச்சலைக் கண்ணால் பார்த்தவன் நான். யாராவது கையைக் காட்டினால் என் கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்.

2. வைப்பர் ஆடிய கதை

வியாழன் காலை, ஜாம்பியா தலைநகர் லுசாகா ஏர்போர்ட்டில் பெரிய தொல்லை இல்லை. விசா, ரிட்டர்ன் டிக்கெட், கஸ்டமர் கொடுத்த அழைப்புக் கடிதம் மூன்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள். போனில் இருக்கிறது என்று அங்கே காட்டப் போனால் அந்த நேரம் பார்த்து சார்ஜ் இருக்காது.

வெளியே வந்தால் வலப்பக்கம் ஸ்டீயரிங் வைத்த ஜப்பான் கார். அறந்தாங்கியில் டெம்போ ஓட்டியவனுக்கு இடது பக்கம் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ற மிதப்பில் ஏறினேன். முதல் திருப்பத்தில் துபாய்ப் பழக்கத்தில் இடது கைக் குச்சியைத் தட்டி இண்டிகேட்டர் போட்டேன், வைப்பர் ஆடியது. அடுத்த திருப்பத்திலும் அதேதான். பொட்டு மழை இல்லாத வானத்தின் கீழே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே லுசாகாவைக் கடந்தேன். பக்கத்து மினிபஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துக் கையாட்டினார்கள்.

மேப்பில் பார்த்தால் துபாயிலிருந்து அபுதாபி போவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மத்தியானச் சோறு சியவோங்காவில் என்று கணக்குப் போட்டேன். காஃபுவே ஆற்றுப் பாலம் தாண்டி, மலை இறக்கத்தில் சுமை லாரிகளின் பின்னால் மாட்டியதும் அந்தக் கணக்கு காலி. அங்கே லாரி எப்படிப் போகிறதோ அப்படித்தான் நீங்களும் போக வேண்டும். ஹெட்லைட் அடித்துத் துரத்துகிற நம் வேலையெல்லாம் அங்கே எடுபடாது.

இறக்கத்துக்கு முன் ஒரு போலீஸ் செக்போஸ்ட். ஒரு பெண் போலீஸ் குனிந்து, "குட் மார்னிங் சார், எப்படி இருக்கீங்க?" என்றார். நான் லைசென்ஸை நீட்டினேன்.

"லைசென்ஸ் இருக்கட்டும் சார். நான் எப்படி இருக்கேன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு தன்னோடு வேலை செய்பவர் ஒருவரைக் கீழே சிருந்து என்ற ஊருக்குப் போகும் ரோடு வரை ஏற்றிப் போக முடியுமா என்றார்.

"ஸாரி மேடம், லிஃப்ட் மாஃபி. ரூல் இருக்கு." பதற்றத்தில் 'இல்லை' என்பதற்குத் துபாய் அரபி வந்துவிட்டது.

"யாரோட ரூல்?"

அவர் சிரித்துக்கொண்டே தடுப்பைத் தூக்கிவிட்டார்.

3. ஜங்ஷன்

மலை இறங்கி, சியவோங்காவுக்குப் பிரியும் ஜங்ஷனை அடைந்தேன். போனில் நெட்வொர்க் செத்துப் பல மைல் ஆகியிருந்தது. பழக் கடைகளின் பக்கத்தில் மஞ்சள் கேனோடு ஒருவர் நின்றிருந்தார். காரைப் பார்த்ததும் ஓடிவந்து கையை மேலும் கீழும் ஆட்டினார். ஆளே தெரியாது, அதிலும் கையில் டீசலோ என்னவோ, ஒரு கேன். முடியாது என்று நானும் கையை ஆட்டிவிட்டு ஒரே அழுத்து அழுத்தினேன்.

மலையும் வளைவுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி முதிந்தாவின் கேட் முன்னால் நின்றபோதுதான் போன் விழித்தது. நான் மலையில் இருந்தபோது அவர் அனுப்பிய மெசேஜ் இப்போது வந்து விழுந்தது. 'ஊரில் கரண்ட் இல்லை. பங்க்கில் டீசலும் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க மோசஸ் சிருந்து போயிருக்கிறார். ஜங்ஷனில் மஞ்சள் கேனோடு நிற்பார். ஏற்றிக்கொண்டு வரவும்.'

மஞ்சள் கேன் என்ற இடத்தை மறுபடி படித்தேன்.

முதிந்தா வெளியே வந்தார். என்னையும் காலி சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மோசஸைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"நிறுத்தலையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். நான்கு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஏரியைத் திரும்பிப் பார்த்தார். மீனைப் பிடித்து ஐஸ் போட்டுப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வரைதான் அந்த ஐஸ் தாங்கும்.

"நான் திரும்பிப் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"நீங்க போனா போர்டை யார் மாட்டுறது? உங்க வேலையைப் பாருங்க. மோசஸ் வந்துடுவார்."

"எதுல வருவார்? பஸ்ஸே பாக்கலையே?"

"ரோடு இருக்குல்ல? வண்டி போகுதுல்ல?"

போர்டைக் கழற்றினேன். புதுசை மாட்டினேன். மறுபடி கருகாமலிருக்க வோல்டேஜ் ரிலே ஒன்றும் சேர்த்தேன். கை வேலை செய்தது, காது ரோட்டிலேயே இருந்தது. வயரிங் முடிந்து, செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்தேன் பாருங்கள், அந்த நேரத்தை என் எதிரிக்கும் கொடுக்கக்கூடாது.

வெயில் சாயத் தொடங்கியபோது மக்காச்சோள மாவு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. மூட்டைகள் மேலிருந்து முதலில் மஞ்சள் கேன் இறங்கியது, பின்னாலேயே மோசஸ். முடியெல்லாம் மாவு.

"எஞ்சினியர்! நல்லா வந்து சேந்தீங்களா? ஜங்ஷன்ல டாட்டா காட்டினீங்களே, நானும் காட்டினேன். பாத்தீங்களா?"

குத்தல் ஒன்றும் இல்லை, மனுஷன் உண்மையாகவே கேட்டார். ஏற்றாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். "முதல் தடவைதானே வர்றீங்க" என்று தோளைத் தட்டிவிட்டு டீசலை ஊற்றினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜெனரேட்டர் உறுமியது. கம்ப்ரஸர் ஓடியது. டிஸ்ப்ளேயில் நம்பர் ஒவ்வொன்றாக இறங்குவதை மூவரும் சினிமா பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். படகு கரை தட்டும்போது ரூமுக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது. கூடை கூடையாக மீன் உள்ளே போனது. கடைசிக் கூடை போனதும் முதிந்தா கதவைச் சாத்தி, அதில் நெற்றியை வைத்து அழுதார். எங்கள் கோல்ட் ரூம் குளிர்ந்ததற்காக அழுத ஒரே கஸ்டமர் அவர்தான். எனக்கும் கண் கலங்கியது. மோசஸ் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்.

4. திரும்பும்போது

மறுநாள் காலை பெட்டியோடு காருக்கு வந்தால் உள்ளே ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நெத்திலி மாதிரிக் கருவாட்டு மூட்டையோடு இரண்டு பெண்கள், முன் சீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். என்னை யாரும் கேட்கவே இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்கள் சொன்ன இடத்தில் நிறுத்தி அவித்த சோளம் வாங்கித் தின்றேன். வாத்தியார் பள்ளத்தை முன்கூட்டியே சொன்னார், லுசாகாவுக்குள் குறுக்கு வழி காட்டினார். வைப்பர் ஆடியபோதெல்லாம் மூவரும் கைதட்டினார்கள். கார் முழுக்கக் கருவாட்டு வாசம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த நாட்டிலும் வண்டி ஓட்டியதில்லை.

அந்தப் பக்கம் போகிற தம்பிகளே, துபாயில் துபாய் ரூல்தான், அதில் விளையாடாதீர்கள். ஆனால் அங்கே இறங்கியதும் முதலில் குட் மார்னிங் சொல்லுங்கள், பதில் வந்த பிறகு விஷயத்துக்கு வாருங்கள். ரோட்டோரம் பகலில் யாராவது கையைக் காட்டினால் அழுத்திக்கொண்டு போகாதீர்கள். நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, யார் என்று கேளுங்கள். அவர் உங்களுக்காகவே காலையிலிருந்து நிற்பவராக இருக்கலாம்.