மழையில் பிடித்த தீ

ஓரிக்கையில் கிருஷ்ணவேணியும் கணவன் கண்ணாயிரமும் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு விற்றார்கள். 1966 ஐப்பசியில் ஒரு மத்தியானம், சுட்ட கிளிஞ்சல் மூட்டைகள் இருந்த கொட்டகை ஒழுகியது. தண்ணீர் பட்ட கிளிஞ்சல் கொதித்து, அந்தச் சூட்டில் கோணியும் கூரையும் பற்றிக்கொண்டன. மூட்டைகளை இழுக்க உள்ளே போன கண்ணாயிரம் திரும்பவில்லை.

"மழ பெய்யும்போது எப்படிம்மா தீப்பிடிக்கும்?" என்றார் விசாரிக்க வந்த போலீஸ்காரர்.

கிருஷ்ணவேணி நனையாமல் கிடந்த சுட்ட கிளிஞ்சல் ஒரு பிடியைச் சட்டியில் போட்டு நீர் ஊற்றினாள். அது சீறிக் கொதித்ததும் அவர் பின்வாங்கினார்.

"இப்படித்தாங்க," என்றாள். அழவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், கொட்டகையில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கூடையில் அள்ளி விற்கப் போனாள்.

"இத ஊட்ல வச்சிக்கினு தூங்கலாமாம்மா?" என்று ஒருத்தி பயந்தாள்.

"தூங்கலாம்மா. மழத்தண்ணியில கொதிச்சி அடங்கி நீத்துப்போச்சி. இனிமே சுடாது."

படியில் அளந்து கொட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.