வழுக்கை விழுந்த புஞ்சை

புரட்டாசி மாதத்துக் கரிசல் புழுதி விடிகாலையில் மாவைப்போல மெத்தென்று குளிர்ந்திருக்கும். வெறுங்காலோடு நடந்தால் கால் புதைந்து எழுகிற சத்தம்கூடக் கேட்காது, விரலிடுக்கில் வழிந்து வழிந்து விழும், மேலே இரண்டு விரற்கடைக்குக் குளிர்ச்சியும் அதற்குக் கீழே நேற்றைய வெயிலின் சூடும் ஒரே காலுக்கு ஒரே நேரத்தில் தெரியும். அந்தக் குளிருக்கும் சூட்டுக்கும் நடுவில் எங்கேயோதான் எங்கள் வீட்டுச் சோள விதை கிடந்தது. அதைத் தேடிக்கொண்டு, பத்து வயதில், இருமல் மருந்துக் கரண்டியோடு நான் குந்தியிருந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். சிரித்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு மைல் உள்ளே. பதினைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள், ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில், அதற்குச் சொந்தமாக ரோட்டோரம் அரை ஏக்கர் நிலம். எல்லாமே மானாவாரி. அங்கே மழைக்கு முன்பே விதைத்துவிடுவார்கள். ஈரம் பார்த்து விதைப்பதுதானே புத்தி என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். ஆனால் மழை விழுந்த கரிசலில் கால் வைத்தால் முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும், ஏரும் இறங்காது, மாடும் நகராது. ஆகவே காய்ந்த புழுதியில் விதையைத் தூவி, உழுது மூடிவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் முறை. 'புழுதி விதைப்பு' என்று அதற்குப் பெயர்.

விதைப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை 'விதை ஜெபம்'. ஆளாளுக்கு நார்ப்பெட்டியில் விதையைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால், மற்ற நாளெல்லாம் சபையைப் பார்த்துக்கொண்ட உபதேசியார்தான் ஜெபம் செய்வார். ஒல்லியான மனுஷர், குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கனமாக இருக்கும். அந்த வருஷம் அவர் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"வெதைக்கிறதோட நம்ம வேலை முடிஞ்சிரும். அப்பறம் உள்ள நடக்குறது அவரு வேலை. யாரும் தோண்டிப் பாக்காதீக. பாக்காம இருக்குறதுதான் விசுவாசம்."

சபை 'ஆமென்' என்றது. நானும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

அன்று சாயங்காலம் கூழ் குடித்துக்கொண்டே அப்பா அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னார். ஏற்கெனவே இரண்டு வருஷம் விதைப்பு கருகிப்போயிருந்தது. "இந்த வெதப்பும் போச்சுன்னா திருப்பூருக்குப் போயிற வேண்டியதுதான். இவனை போர்டிங்ல விட்டுருவோம்."

போர்டிங்! எனக்கு அங்கே நடப்பதெல்லாம் அத்துப்படி. அங்கே தங்கிப் படித்து, லீவுக்கு ஊருக்கு வந்த செல்வின் அண்ணன் விலாவாரியாகச் சொல்லியிருந்தான்: "அங்க பெல்லுதான்லே எல்லாம். அழணும்னாக்கூட பெல் அடிச்சப்பறந்தான் அழணும்." நான் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டேன். சாப்பாட்டை அவசர அவசரமாக விழுங்கிப் பழகினேன். இரண்டு சட்டையை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குச் சட்டையில்லாமல் தவித்தேன். ஆட்டுக்குட்டிகள் மூன்றிடமும் தனித்தனியாக விடைபெற்றேன். அவை தழை தின்பதை நிறுத்தவில்லை.

அந்த வாரமே விதைத்து மூடினார்கள். ஆக, என் பிழைப்பே மண்ணுக்குள் கிடக்கிற அந்த விதையில்தான் இருந்தது. அது உயிரோடு இருக்கிறதா, வெந்துபோனதா, எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டதா என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போட முடியும்? "ஆண்டவரே, உம்மை முழுசா நம்புறேன், ஒரே ஒரு விதையை மட்டும் பாத்துக்கிறேன், கோவிச்சுக்காதேயும்" என்று ஜெபித்துவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு விதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து விதை? இப்படியே காலையில் ஒருமுறை, பள்ளி விட்டு ஒருமுறை, இருட்டுவதற்குள் இன்னொரு முறை என்று ஆகிவிட்டது.

வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. எங்கள் ஊரில் கையில் தகர டப்பாவில் தண்ணீரோடு 'வெளிக்குப் போறேன்' என்று புறப்பட்டவனை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நான் மூன்று வேளையும் டப்பாவோடு புறப்படுவதைப் பார்த்து அம்மா பயந்துபோனாள். ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்து, என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினாள். அதற்கு நாலாம் நாள் அப்பாவுக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு?"

"நீங்களுந்தான காலையும் சாயங்காலமும் செம்பத் தூக்கிட்டுப் போறீக. அப்பனுக்கும் மகனுக்கும் ஒண்ணாவா வயிறு கெடும்?"

அப்பா மறுபேச்சில்லாமல் குடித்தார். அவர் முகம் போன கோணலை நான் ரசித்தேனே தவிர, அதில் இருந்த செய்தி எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். பனிமூட்டம் மாதிரி ஒரு வெளிச்சம், தூரத்துப் பனைமரங்கள் தண்ணீரில் நிற்பதுபோல மிதந்தன, கௌதாரி ஒன்று எங்கேயோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உடைமரப் புதரைச் சுற்றிக்கொண்டு நான் வழக்கமான இடத்துக்குப் போனால், பத்தடி தள்ளி அப்பா குந்தியிருக்கிறார். ஆள்காட்டி விரலால் புழுதியைக் கோடு கிழிப்பதுபோல விலக்கி, ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதி, மோந்து பார்த்து, மறுபடி குழியில் இட்டு மண்ணைத் தள்ளி, கைக்குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல மூன்று தட்டுத் தட்டினார். பிறகு நிமிர்ந்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னலே இங்க?"

"வெளிக்கு வந்தேம்பா."

"வெளிக்கு வர்றதுக்குக் கரண்டி எதுக்குலே?"

எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் பயம் முற்றிப்போனால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். அந்த வியாதி இன்றுவரை உண்டு. "உங்க செம்புல தண்ணியே இல்லியேப்பா" என்றேன்.

அப்பா செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அறை விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒரு விதையை என் மூக்கருகே நீட்டினார்.

"உசுரு இருக்குலே. வெந்துருந்தா வாடை வேற மாதிரி வரும்."

எனக்கு மண் வாடைதான் வந்தது. தலையை ஆட்டினேன்.

"அம்மாட்ட சொல்லிராத. இன்னையோட போதும், இனிமே வரக் கூடாது" என்றார். மறுநாளும் இரண்டு பேரும் அங்கேதான் சந்தித்துக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம் மழை வந்தது. வகுப்பில் திடீரென்று கரும்பலகை எழுத்து தெரியாத அளவுக்கு இருட்டியது. தெற்கே இருந்து ஒரு வாசம் முதலில் வந்தது, பிறகு காற்று, பிறகு ஓட்டின் மேல் யாரோ சோளத்தை அள்ளி எறிவதுபோல ஒரு சத்தம். வாத்தியார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் போய் நின்றுவிட்டார். நாங்கள் யாரும் கத்தவில்லை. கனவில் கத்த முடியாமல் போகுமே, அப்படி உட்கார்ந்திருந்தோம்.

ஆறாம் நாள் புஞ்சை பச்சை கட்டியது. அப்போதுதான் மானம் போனது. நாங்கள் தோண்டிப் பார்த்த இடங்களில் விதை மேலே வந்து, எறும்புக்கும் மைனாவுக்கும் விருந்தாகியிருந்தது. பச்சைக்கு நடுவே வழுக்கை வழுக்கையாகக் கரிசல் தெரிந்தது. உடைமரத்தருகே கரண்டியளவில் குட்டிக் குட்டியாக இருந்தவை என்னுடையவை. பக்கத்தில் நீளமாகக் கோடு இழுத்ததுபோல இருந்தது அப்பாவுடையது. ஆனால் வேப்பமரத்தடியில், முறம் அகலத்துக்கு, யாருடையது என்று தெரியாத ஒரு வட்டம். அப்பாவும் நானும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "எறும்பா இருக்கும்" என்றாள்.

பக்கத்துப் புஞ்சைக்காரர் இருளப்ப மாமா வரப்பில் நின்று இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தார். "ஏலே மாப்ள, உங்க கோயில்ல தோண்டாதீகன்னு சொன்னாகளாம்ல? உங்க சாமி மேல உங்களுக்கு அம்புட்டு நம்பிக்கையா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். அவர் புஞ்சையில் ஒரு வழுக்கையும் இல்லை. எங்கள் புஞ்சையில் அவர் பக்கத்து வரப்போரம் மட்டும் நான்காவதாக ஒன்று இருந்தது. அப்பா அதைக் காட்டி, "அப்ப இது யாருது மச்சான்?" என்று கேட்டதும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எம் புஞ்சைய நான் எதுக்குக் கிண்டணும்? ரெண்டும் ஒரே மண்ணுதான? உங்களுதுலயே பாத்துக்கிட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் பிரசங்கத்துக்கு எழுந்து வேதப் புத்தகத்தைத் திறந்து, மறுபடி மூடினார். பிறகு அந்தக் கனத்த குரல் மெலிந்து வந்தது. "கோயில் நெலத்துல ரோட்டோரமா ஒரு வழுக்கை இருக்கு. வரும்போது எல்லாரும் பாத்துருப்பீக. அது எறும்பு இல்ல. நாந்தான்." பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா, "எங்க புஞ்சைல ரெண்டு இருக்குங்கய்யா" என்றாள். அதற்குப் பிறகு ஆள் மாற்றி ஆள் கணக்குச் சொல்லி, சிரித்து, சிலர் கண்ணைத் துடைத்து, அன்றைக்குப் பிரசங்கமே நடக்கவில்லை. நான் கேட்ட பிரசங்கங்களில் அதுதான் முதல்தரம். நம்பிக்கைக்காரர்கள் எல்லாம் பயப்படாதவர்கள், நான் ஒருவன்தான் கள்ளன் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் மூச்சு வந்தது. நாங்கள் பார்த்ததைவிடப் பார்க்காமல் விட்டதுதான் அதிகம் முளைத்திருந்தது என்பதும், அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்பதும் சின்னப்பயலுக்கும் தெரிந்தது.

இதோடு நிறுத்தினால் கோயிலில் எழுந்து சொல்ல நல்ல சாட்சியாக இருக்கும். ஆனால் அடுத்த வருஷம் மழை வரவில்லை. அந்த முறை நான் ஒரு விதையைக்கூடத் தொடவில்லை, அப்பாவும் தொடவில்லை, ஜெபத்திலும் குறைவைக்கவில்லை. ஒரு தூறல் விழுந்து, முளைவிட்டு, அத்தனையும் கருகியது. அப்பா, அம்மா திருப்பூர் போனார்கள். நான் போர்டிங் போனேன்.

முதல் மாதம் அப்பா பார்க்க வந்தார். அவர் காலைக் கட்டிக்கொண்டு நான் போட்ட கூச்சலில் பெல் அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் மே மாதத்துக்கும் நான் போவதோடு சரி. மற்றப் பையன்களின் அப்பாக்கள் முறுக்குப் பொட்டலத்தோடு வரும்போது நான் கேட்டருகே நின்றுகொண்டிருப்பேன். மழையை அனுப்பாதவர் மேல் வராத கோபம் அந்தக் கேட்டில் வந்தது. ஜெப நேரத்தில் கண்ணை மூடுவேன், வாயைத் திறக்கமாட்டேன். அப்பாவிடம் ஏன் வரவில்லை என்று நான் கேட்டதே இல்லை. அவர் போய்ச் சேர்ந்தும் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

இப்போது அந்தப் புஞ்சையில் சோலார் பலகைகள் வரிசையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. புழுதியில் விதைக்கிறவர்களும் அநேகமாக இல்லை. போர்டிங்கை மூடிவிட்டார்கள், கட்டடத்தையும் இடித்துவிட்டார்களாம். இதைச் சொன்னவர் அங்கே சமையல்காரராக இருந்த ஞானமுத்து அண்ணன். போன மாதம் பட்டா விஷயமாகத் திருச்சுழிக்குப் புறப்பட்டு, பதினொரு மணி பஸ்ஸுக்குப் பத்து மணிக்கே அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து, பஸ் வருமா, இடம் கிடைக்குமா, அலுவலகத்தில் சாப்பிடப் போய்விடுவார்களா என்று நான் வேர்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவர் என்னையே பார்த்தார்.

"நீ அந்த அழுமூஞ்சிப் பய தான?"

ஒப்புக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்தார். அப்பா காலமானதைச் சொன்னதும் உச்சுக்கொட்டினார். "நல்ல மனுசன்ப்பா. திருப்பூர்ல இருந்து மாசா மாசம் வந்துருவாரே."

"ஒரு தடவைதானண்ணே வந்தாரு?"

"உன்னையப் பாத்தது ஒரு தடவை. மாசா மாசம் அடுப்படிக்கு வந்துருவாரு. காலைல நீங்க ட்ரில்லு பண்ணுவீகல்ல, அந்நேரம் சன்னல்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே ஒரு டீ குடிப்பாரு. கூப்புடவான்னா, வேணாம், பாத்துட்டேன்பாரு. நீ பத்தாவது முடிக்கிற வரைக்கும்."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சன்னலயே பாத்துக்கிட்டு நிப்பன்னாரு."

அந்தச் சன்னல் எனக்குத் தெரியும். வெயிலில் நின்று பார்த்தால் உள்ளே வெறும் இருட்டும் விறகுப்புகையும்தான். கையை மேலே தூக்கு, கீழே இறக்கு என்று வாத்தியார் விசில் ஊத, ஐந்து வருஷம் அதற்கு நேரெதிரே நின்று கையைத் தூக்கி இறக்கியிருக்கிறேன்.

பதினொரு மணி பஸ் வந்தது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள், கண்டக்டர் விசில் கொடுத்தார், வண்டி நகர்ந்தது. "ஏம்ப்பா, திருச்சுழி பஸ்ஸு போகுது பாரு" என்றார் அண்ணன். நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ் எப்போது என்று யாரிடமும் கேட்கவும் இல்லை.